சீட்டுக்கு அடியில்

வண்டி நிற்கப்போவது யோகலட்சுமிக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்த காலுக்குக் கீழே முதலில் ஒரு தயக்கம் வந்தது. பிறகு வேன் குலுங்கியது. இன்னொரு குலுக்கலில் இன்ஜின் சத்தம் அறுந்துபோய், தார்ச்சாலையில் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்த உருளலையே நம்பி, சாலையோரத்துக் கருவேல மரத்தின் அரைகுறை நிழலுக்குள் வேனை ஒதுக்கினாள்.

பக்கத்துச் சீட்டில் சேதுபதி கண்ணை மூடியிருந்தார்.

"நின்னுபோச்சா?"

"ம்."

"சரி" என்றார் கணவர். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினாள். கண்மாய்க்கரையும் காய்ந்த வயலும் வெயிலில் நடுங்குவதுபோல் தெரிந்தன. சாலையில் ஒரு வண்டி இல்லை.

கண்டரமாணிக்கத்திலிருந்து காரைக்குடிக்கு அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதுதான் இந்த வேனுக்கு இப்போது இருக்கும் ஒரே வேலை. போன முறையும் இதே சாலையில், இதே உச்சிவெயிலில் வண்டி நின்றது. அது ஆறிக் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கான படுக்கையில் வேறு ஒருவரைப் படுக்கவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்கத் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தார். காலையில் டயாலிசிஸ் நர்ஸ் வீரலட்சுமி போனில் சொன்னாள்: "அக்கா, இன்னைக்கும் விட்டீகன்னா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். அப்புறம் எங்க கையில ஒண்ணுமில்ல. எப்படியாச்சும் கொண்டாந்துருங்க."

எப்படியாச்சும். அந்தச் சொல்லைத்தான் காலையிலிருந்து வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பக்கத்தில் இருந்த வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, வேறு வண்டி அனுப்புகிறோம், தொலைவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஊரில் ஆட்டோ வைத்திருக்கும் முத்துவேலைக் கூப்பிட்டாள். அவன் நாட்டரசன்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குச் சவாரி போயிருந்தான். மேளச் சத்தத்துக்குள்ளிருந்து "என்னக்கா, கேக்கல, கேக்கல" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

சேதுபதியின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். முகம் ஊதி, கண்ணிமை தடித்து, அவருடைய முகத்தைப் பார்த்து வரைந்த வேறு ஒருவரின் முகம்போல இருந்தது. வீங்கிய பாதங்களைச் செருப்பில்லாமல் கீழே வைத்திருந்தார்.

இந்த வேன் பனிக்காலத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. பங்குனி வெயில் ஏற ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சீக்கு. உள்ளூர் மெக்கானிக் பிளக்கை மாற்றினார். காரைக்குடியில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். கடைசியாகப் புதுவயலில் அரிசி ஆலை லாரிகளைப் பார்க்கும் ஆசைத்தம்பியிடம் கொண்டுபோய் விட்டாள். ஆசாரி வீட்டுப் பையன். அப்பா மரம் இழைத்த கொட்டகையிலேயே ஒர்க் ஷாப் போட்டிருந்தான். அவன் நல்ல வெயிலாகப் பார்த்து வேனை எடுத்துக்கொண்டு தேவகோட்டை வரை போய்வந்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மறுபடியும் போய்வந்தான்.

"கல்லு மாதிரி ஓடுதுக்கா" என்று சாவியைக் கொடுத்தான். "தப்பா நெனைக்காதீக. வண்டிக்கு என்னயப் புடிச்சிருக்கு. உங்களத்தான் புடிக்கல."

அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு உள்ளேயே கிடந்தது. நாத்தனார் துர்காதேவி அதையே சிரிக்காமல் சொன்னாள்: "நீ கை வச்சது எதுதான் உருப்பட்டிருக்கு?"

யோகலட்சுமி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. முதல்முறை வண்டி நின்றபோது அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது வேறு. இன்ஜின் ஆறும்வரை தன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று தோன்றியது. எடை பார்க்க வேண்டாம். குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளக்க வேண்டாம். மாத்திரை, உப்பில்லாத சோறு, போன் செய்து விசாரிக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொன்னதையே சொல்வது, ஒன்றும் வேண்டாம். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். செய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் வர வேறு எந்த வழி இருக்கிறது? அது தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். சேதுபதி அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் தன் ஆசைதான் அதன் வழியாக வெளியே வருகிறது என்று பட்டது. மடத்தனம் என்று தெரியும். இரும்புக்கு அவள் மனசு எப்படித் தெரியும்? இருந்தும் வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று ஆசைத்தம்பி கைவிரித்தபோது, பழுது இருப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

அவனுக்கே போன் போட்டாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா. நின்னுருச்சா?"

"நின்னுருச்சு தம்பி. இவுகளுக்கு மூச்சு முடியல. உன்னால வர முடியுமா?"

"நான் சிவகங்கைப் பக்கம் லாரிக்கு அடியில கெடக்கேன்க்கா. வந்து சேரப் பொழுதாயிரும். பதறாதீக. கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. சாவியத் திருகுனா சுத்துதா?"

"சுத்துது. புடிக்கத்தான் மாட்டேங்குது."

"சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிருச்சா?"

"இல்ல. நடுவுலதான் நிக்கிது."

"பெட்ரோல் இருக்குல்ல? கோவிச்சுக்காதீக, கேக்கணும்ல."

"இருக்கு இருக்கு. சட்டுன்னு எதையாச்சும் சொல்லுய்யா."

"ஆறவிட்டா தானா கெளம்பிரும்க்கா."

"ஆறவிட நேரமில்ல தம்பி!"

குரல் கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது.

"அக்கா, இதே வெயில்ல நானும் ஓட்டிப் பாத்தேன். எனக்கு நிக்கல. உங்களுக்கு நிக்கிது. அப்ப நான் ஓட்டும்போது இல்லாத என்னமோ ஒண்ணு நீங்க ஓட்டும்போது வண்டிக்குள்ள இருக்கு. அது என்ன?"

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"இவுகதான்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

சேதுபதி கண்ணைத் திறந்தார். வீங்கிய உதடு ஒரு பக்கமாக இழுபட்டது, சிரிக்கிறார். "அதானே... என்னய... எறக்கி விட்டுட்டுப் போ... ஓடும்."

"வாய மூடுங்க. இருக்குற மூச்சையும் ஏன் வீணாக்குறீக?"

"அண்ணன் உக்காந்தா வண்டி நிக்கிறதுக்கு அண்ணன் என்ன ஆனையா?" என்றான் ஆசைத்தம்பி. "அவுக உக்காந்திருக்க சீட்டத் தூக்குங்க. இன்ஜின் அதுக்கடியிலதான் இருக்கு. என்ன தெரியிதுன்னு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சீட்டைத் தூக்க வேண்டுமென்றால் அவரை இறக்க வேண்டும். யோகலட்சுமி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஈரம் ஏறிய நெல்மூட்டைபோல இருந்தார்.

கண்மாய்க்கரையிலிருந்து நூறுநாள் வேலை முடிந்த பெண்கள் மண்வெட்டியும் தட்டுமாகச் சாலையில் ஏறினார்கள். முன்னால் வந்தவள் தூரத்திலேயே ஆரம்பித்தாள்.

"அடி, பொம்பள ஓட்டிக்கிட்டு வாரா! ஆம்பள மாப்பிள்ள கணக்கா உக்காந்திருக்காரு பாரு. ஏத்தா, தள்ளணுமா?"

கிட்ட வந்து சேதுபதியின் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டாள்.

"ஆத்தாடி. ஏ அக்கம்மா, ஓடியா, அங்குட்டுப் புடி."

"படுக்க வச்சிராதீக. உக்காத்தி வைங்க, படுத்தா மூச்சு அடைச்சுக்கும்" என்றாள் யோகலட்சுமி.

"இந்தச் சோணையம்மா தூக்கி விட்டதெல்லாம் பொழச்சிருக்கு, நீ கவலப்படாத" என்றாள் அவள். இரண்டு பேருமாக அவரை இறக்கி, மரத்தடியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அக்கம்மாள் முந்தானையால் விசிற ஆரம்பித்தாள்.

யோகலட்சுமி சீட்டின் கொக்கியைத் தட்டித் தூக்கினாள்.

இன்ஜின் தெரியவில்லை. தெரிந்தது அவள் செய்த மெத்தை.

ஆலைச் சாக்கை நான்காக மடித்து, நடுவில் பழைய தலையணைப் பஞ்சை வைத்துத் தைத்தது. முதன்முதலாக டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களில், சீட்டுக்குக் கீழே இருக்கும் தகரம் கெண்டைக்காலைச் சுடுகிறது என்று சேதுபதி ஒருமுறை சொன்னார். ஒரே ஒருமுறைதான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து தைத்தாள். பிறகு வெயில் ஏற ஏற, பக்கவாட்டு இடைவெளிகளில் கிழிந்த போர்வைத் துண்டுகளைச் சொருகினாள். எங்கெல்லாம் கையை வைத்தால் சூடு அடித்ததோ அங்கெல்லாம் அடைத்தாள். ஒரு பொட்டுச் சூடு அவர் காலில் படக்கூடாது என்று, விரலால் தடவித் தடவிப் பார்த்து அடைத்தாள்.

"சீட்டத் தூக்கிட்டீகளா? என்னக்கா தெரியிது?"

அவள் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

ஒர்க் ஷாப்புக்கு வண்டியை விடும்போதெல்லாம் இவற்றை அவளே உருவி எடுத்துவிடுவாள். சீக்காளியின் வியர்வையும் சில நாள் மூத்திரமும் இறங்கிய துணி. வேற்று ஆளின் கையில் அதைக் கொடுப்பதாவது? அவன் அதை எடுத்து மூலையில் எறிவான், மூக்கைப் பொத்துவான், அவர் காதுக்கும் வரும்படி ஏதாவது சொல்வான். அதனால் முதல் நாளே எடுத்து, சோப்புப் போட்டு அலசி, மாடியில் காயவைப்பாள். வண்டி திரும்பி வந்ததும் மறுபடி பார்த்துப் பார்த்துத் திணிப்பாள். பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் வெறும் இன்ஜினைத்தான் பார்த்தார்கள். அவள் ஓட்டியது போர்த்தி மூடிய இன்ஜினை.

"சாக்கு வச்சிருக்கேன் தம்பி" என்றாள். "சூடு அடிக்கக் கூடாதுன்னு. மெத்த மாதிரி. சுத்தி அடைச்சு."

"எங்கெங்க?"

"எல்லாப் பக்கமும்."

ஆசைத்தம்பி எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"சூடு வெளிய போக வழியில்லக்கா. பெட்ரோல் ஏத்துற பம்ப்பும் பைப்பும் வெந்துபோயி, உள்ள போற பெட்ரோல் ஆவியாயிருது. அப்புறம் எதை இழுக்கும்? எல்லாத்தயும் உருவுங்க. பம்ப்பு வலது பக்கமா உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், ரெண்டு ரப்பர் பைப்பு போகும். அதுமேல ஈரத்துணியச் சுத்துங்க. ஒயர்ல தண்ணி சொட்டக் கூடாது."

உருவினாள். அடிப்பக்கம் சாக்கு பழுப்பேறி, தீய்ந்த சோற்று வாடை அடித்தது. விரல் சுட்டது, விடாமல் இழுத்தாள். சோணையம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, குடிப்பதற்கு வைத்திருந்த கேன் தண்ணீரை அதன்மேல் ஊற்றி நீட்டினாள். பம்ப்பின்மேல் சுற்றியதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. மறுபடி நனைத்தாள். மறுபடி ஆவி.

மரத்தடியில் சேதுபதி இருமினார். இருமலோடு இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அக்கம்மாள் அதைத் துடைத்துவிட்டு, யோகலட்சுமி பார்க்காதபடி முந்தானையை மடித்துக்கொண்டாள். யோகலட்சுமி பார்த்துவிட்டாள்.

துணியிலிருந்து ஆவி வருவது நின்றதும் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினாள். சுற்றியது. பிடிக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க, பெட்ரோல் ஏறட்டும்" என்றான் ஆசைத்தம்பி. பொறுப்பது எப்படி என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. திரும்பத் திருகினாள். ஒரு தும்மல், ஒரு உதறல், பிறகு இன்ஜின் முழுச் சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. சீட்டைத் தூக்கியிருந்ததால் சத்தம் முகத்தில் அறைந்தது.

"ஓடுதுல்ல? அணைச்சிராதீக. கெளம்புங்கக்கா, கெளம்புங்க."

சீட்டை இறக்கிப் பூட்டினாள். சோணையம்மாளும் அக்கம்மாளும் அவரைத் தூக்கிக்கொண்டு முன்கதவுக்கு வந்துவிட்டார்கள்.

"இங்க வேணாம், பின்னால உக்காத்துங்க" என்றாள். "மெத்தய எடுத்தாச்சு. தகரம் காலச் சுட்டுரும்."

"சுடாது" என்றார் சேதுபதி.

"கொதிக்கிது, என்ன சுடாதுங்கிறீக?"

"எனக்குச் சுடாது யோகம்." மூச்சு இழுத்தார். "முழங்காலுக்குக் கீழ... ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாச்சு."

ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். கையில் அந்த மெத்தை இருந்தது.

"தெரியலன்னா?"

"கிள்ளுனாலும்... தெரியாது."

"அப்ப இது? இதை நான் தெனம் அடைச்சேனே. சுடுதா, சுடுதான்னு கேட்டுக் கேட்டு அடைச்சேனே. இப்ப சுடலன்னு சொல்லிச் சொல்லி உக்காந்து வந்தீகளே?"

"சுடலதான."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். போன தடவ வண்டி நின்னுருக்காது. இந்தக் கெதி வந்திருக்காது. ஏன் சொல்லல? வாயில என்ன வச்சிருந்தீக?" அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிடுவாள்போல இருந்தது. கண்ணீர் வரவில்லை; கோபம் மட்டும் வந்தது. இத்தனை மாதத்தில் அவர்மேல் அவள் காட்டிய முதல் கோபம்.

"நீ அதை... அம்புட்டு ஆசையாச் செஞ்ச" என்றார். "வேணாம்னா... காலும் போச்சான்னு கேப்ப."

"புருசன் பொண்டாட்டி சண்டைய ஆஸ்பத்திரியில போயி வச்சுக்கங்க" என்று சோணையம்மாள் பின்கதவைத் தள்ளித் திறந்தாள். "தெரியாத கால வெந்த தகரத்துல வச்சா வேகாமப் போயிருமா? ஏறுங்க இங்குட்டு. நானும் வாரேன். அக்கம்மா, என் தட்ட எடுத்துக்கிட்டுப் போ."

காய்கறி மூட்டை ஏற்றுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றிய வண்டி அது. வெறும் தரையில் மெத்தையைப் போட்டு, அவரை அதில் உட்காரவைத்தார்கள். சோணையம்மாள் அவர் முதுகுக்குத் தன் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள்.

யோகலட்சுமி ஓட்டினாள். பக்கத்தில் அவர் இல்லாத சீட் காலியாக அதிர்ந்தது. கண்ணாடியில் அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. இன்ஜின் இரைச்சலில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

"இருக்காகளா?" என்று கத்தினாள்.

"இருக்காரு. நீ ரோட்டப் பாரு."

தன் ஆசையால் வண்டி நிற்கவில்லை. அது இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. பங்குனியிலிருந்து சுமந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவள் விட்டுவிட நினைத்ததால் அது நிற்கவில்லை; விடாமல் பார்த்துப் பார்த்துச் செய்ததால் நின்றது. எது மேல் என்று யாராவது கேட்டால், முன்னதே மேல் என்று சொல்லிவிடுவாள்போல இருந்தது. அவரும் தன் காலை அவளிடமிருந்து ஒளித்துவைத்து, இல்லாத சூட்டுக்கு அவள் போட்ட மெத்தைமேல் உட்கார்ந்தபடி, அவளைத் தேற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இவ்வளவு நாளும் இந்த வண்டிக்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்படித்தானா?

"இருக்காகளா?"

"இருக்காருன்னுல்ல சொல்றேன். ஐயா, ஒரு சத்தம் குடுங்க, இந்தப் பிள்ள கேக்கட்டும்."

ஒன்றும் கேட்கவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினாள். எதிரே வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி ஒதுங்கியது. வண்டி தயங்கவில்லை. காரைக்குடிக்குள் நுழைந்து, சிக்னலில் கையை ஹாரனிலிருந்து எடுக்காமலே கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஏறி நின்றாள். இன்ஜினை அணைக்கவில்லை. அணைக்கச் சொல்லி வாட்ச்மேன் கத்தியது காதில் விழுந்தும் அப்படியே இறங்கி ஓடினாள்.

வீரலட்சுமி வீல்சேரோடு வந்தாள். பின்கதவைத் திறந்தபோது அவருடைய தலை தொங்கியிருந்தது. நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்த அந்த நேரம் யோகலட்சுமி எதையும் நினைக்கவில்லை. சோணையம்மாளின் காலில் அப்பியிருந்த கண்மாய் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாடி இருக்கு. ஆக்சிஜன் வைங்க. படுக்கையில போடாதீக, சாச்சு வைங்க. மெஷின் ரெடி."

அதன்பிறகு நடந்ததெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். அவளை உள்ளே விட்டபோது ரத்தம் ஓடும் குழாய்கள் சிவப்பாக இருந்தன. மெஷின் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தில் மாஸ்க்கோடு சேதுபதி சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இன்னும் ஒரு பொழுது தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வீரலட்சுமி போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். இடது குதிகாலுக்கு மேலே ஒரு பழைய கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. பேனா முனையால் உள்ளங்காலை அழுத்தினாள்.

"தெரியுதாண்ணே?"

தலையை ஆட்டினார், இல்லை என்று. கணுக்காலில் அழுத்தினாள். கெண்டைக்காலில். முழங்காலுக்கு மேலே வந்ததும்தான் அவர் கை அசைந்தது.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

இந்த அறையில் கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் யோகலட்சுமிதான் பதில் சொல்வாள். எடை, சர்க்கரை, எத்தனை டம்ளர் குடித்தார், எவ்வளவு மூத்திரம் போனது, எந்த மாத்திரையை எப்போது போட்டார். அவரைக் கேட்டாலும் அவர் அவள் பக்கம்தான் கையைக் காட்டுவார். நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "அவுகளையே கேளுங்க."

சேதுபதி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். வீரலட்சுமி தடுக்கப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். அவர் நர்ஸைப் பார்க்கவில்லை.

"நெல்லு அறுப்பு சமயம்" என்றார். "மொதல்ல... பெருவிரலு. செருப்பு கழண்டது தெரியல... தெருவுல கெடந்துச்சு. யாரும் பாக்குறதுக்குள்ள... எடுத்துட்டு வந்தேன்."

யோகலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் மூச்சுக்காக நிறுத்திய இடங்களில் அவள் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த சொல் வரும்வரை காத்திருந்தாள்.